பின்னிணைப்பு: தீயில் இழந்தவை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுவது முறை. கதை எழுதிப் பழகாத கை இது. இதுவரை எழுதியவையெல்லாம் விண்ணப்பங்களும் கூட்டக் குறிப்புகளும்தான். மனத்தின் ஆழத்தை ஆயுள் முழுவதும் படித்தவர்களைப் பற்றி, அதில் ஒரு பக்கம்கூடப் படிக்காத ஒருவர் எழுதத் துணிவதை அதிகப்பிரசங்கித்தனம் என்று வாசகர்கள் கருதினால், அதை மறுக்க வாயில்லை. ஆனாலும் கேட்ட விஷயம் நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது. பொறுத்தருள வேண்டும்.

உளப்பகுப்பாய்வுச் சிகிச்சையாளர்களுக்குப் பயிற்சி அளிக்கும் சங்கம் ஒன்று ஐம்பதாவது ஆண்டை எட்டியது. விழா மலர் ஒன்று வெளியிடுவதென்றும் அதில் சங்கத்தின் வரலாறு இடம்பெற வேண்டுமென்றும் தீர்மானமாயிற்று. எழுதுவது யார் என்ற கேள்வி எழுந்தபோது எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. டாக்டரம்மாவுக்கு வயது எழுபத்து மூன்று. ஆரம்ப நாள்களை நேரில் அறிந்தவர்களில் நினைவு தெளிவாக இருந்தவர் அவர் ஒருவரே. மறுக்க நினைத்தார், மறுப்புக்குக் காரணம் கேட்பார்களே என்று அஞ்சி ஒப்புக்கொண்டார்.

அவர் வீட்டில் அவரும் தங்கையும் மட்டும்தான். தங்கை தொலைபேசி நிலையத்தில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விரல்கள் இன்னும் பறக்கும். அக்கா சொல்லச் சொல்ல, அவர் சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துத் தட்டுவார். முதல் ஆறு அத்தியாயங்கள் தண்ணீர் பட்டபாடாக ஓடின. மருந்துக்கடை மாடியில் ஒரே அறையில் ஐந்து பேர் கூடித் தொடங்கிய கதை; நோயாளி படுக்கும் நீண்ட மெத்தை இருக்கையான ஒரே ஒரு கவுச்சைச் செங்குத்தான படிகளில் ஏற்ற முடியாமல் அதன் காலை அறுத்து ஏற்றி மறுபடி ஒட்டிய கதை; படுத்திருக்கும் நோயாளியின் கண்ணில் கடிகாரம் படலாமா கூடாதா என்று நிறுவனர்கள் இருவருக்குள் வந்த மனத்தாங்கல்.

"இரு இரு," என்று தங்கை விரலை நிறுத்தினார். "கடிகாரத்த எந்தச் செவுத்துல மாட்டுறதுங்கறதுக்காக நாலு வருஷம் பேசிக்கலியா?"

"நாலரை."

"நீங்கதான் ஊருல உள்ளவங்க மனசையெல்லாம் சரி பண்ணுனீங்களாக்கும்!"

டாக்டரம்மா சிரித்தார். ஏழாவது அத்தியாயத்துக்கு வந்தபோது அந்தச் சிரிப்பு நின்றது.

"இருபத்து மூன்றாம் ஆண்டில், எதிர்பாராத மின்கசிவினால் சங்கத்தின் கட்டடம் தீக்கிரையாயிற்று," என்று சொன்னார். தங்கை தட்டினார். அடுத்த வரி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நான்காம் நாள் தங்கையின் பொறுமை விளிம்புக்கு வந்துவிட்டது.

"அக்கா, நாலு நாளா இந்த ஒரே வரியில நங்கூரம் போட்டு நிக்கிறோம். அப்புறம் என்னதான் ஆச்சு? எரிஞ்சுது. அணைச்சாங்க. வேற எடத்துக்குப் போனீங்க. எழுத வேண்டியதுதானே?"

டாக்டரம்மா எழுந்து உள்ளே போனார். துணி அலமாரியின் கீழ்த்தட்டில், மடித்து வைத்த சால்வைகளுக்கு அடியிலிருந்து, நீல அட்டை போட்ட நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். இருபத்தேழு ஆண்டுகளாக வெளியே வராத நோட்டு அது. அதைத் தங்கையிடம் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு, நடந்ததைச் சொன்னார்.

அந்தச் சிகிச்சையின் முறையை அறியாதவர்களுக்காக இங்கே இரண்டு வார்த்தை. நோயாளி கவுச்சில் படுத்திருப்பார். சிகிச்சையாளர் அவர் தலைமாட்டுக்குப் பின்னால், கண்ணில் படாமல் அமர்ந்திருப்பார். மனத்தில் தோன்றுவது எதுவாயினும் நோயாளி சொல்லிவிட வேண்டும். அற்பம் என்றோ அசிங்கம் என்றோ ஒதுக்கக்கூடாது. சிகிச்சையாளர் கேட்டுக்கொண்டே இருப்பார். ஐம்பது நிமிடத்தில் ஐந்தாறு வாக்கியம் பேசினால் அதிகம். இத்தொழிலைக் கற்க வருபவர்களும் முதலில் அதே கவுச்சில், வாரத்துக்கு நான்கு நாள் வீதம் நான்கு ஆண்டு படுத்து எழுந்திருக்க வேண்டும். தன் மனம் தெரியாதவர் பிறர் மனத்தில் கை வைக்கலாகாது என்பது அதன் நியாயம்.

இதுவரை எல்லா ஊரிலும் உள்ளதுதான். இந்தச் சங்கத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. பயிற்சி மாணவர் கவுச்சில் படுத்துச் சொல்வதிலிருந்து, அவர் இத்தொழிலுக்குத் தகுந்தவரா என்பதை அவருடைய சிகிச்சையாளரே ஆறு மாதத்துக்கு ஒருமுறை பயிற்சிக் குழுவுக்கு எழுதி அனுப்புவார். பச்சை நிற உறையில், ஒட்டி, பத்து வரிக்கு மேற்படாமல். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று மாணவருக்குத் தெரியாது. எதையும் மறைக்காமல் பேசு என்று ஒரு காதில் சொல்லிவிட்டு, பேசியதைக் குழுவின் காதில் போடும் வழக்கம். இன்று யாரிடம் சொன்னாலும் முகம் சுளிப்பார்கள். அன்று அதை ஒழுக்கம் என்றே எல்லோரும் நம்பினார்கள், டாக்டரம்மாவும் நம்பினார்.

அவரிடம் பயிற்சிக்கு வந்தவர் முப்பத்தொரு வயதுப் பெண். தசைப் பயிற்சி கொடுத்து வலி நீக்கும் பிசியோதெரபிஸ்ட். கை கால் வலி என்று வருபவர்களில் பாதிப் பேருக்கு வலி வேறெங்கோ இருக்கிறது என்பதைக் கண்டு, இரண்டாவதாக இதையும் படிக்க வந்தவர். காலை ஏழு பத்துக்கு அவருடைய நேரம். ஒரு நாளும் தாமதித்ததில்லை. இரண்டரை ஆண்டு கழிந்திருந்தது.

ஒரு திங்கட்கிழமை, படுத்த சிறிது நேரத்தில் அவர் சொன்னார்: "டாக்டர், இந்த ரூம்ல ஏதோ கருகுற வாசனை வருது."

டாக்டரம்மா வழக்கப்படி சற்றுப் பொறுத்தார். பிறகு பின்னாலிருந்து கேட்டார்: "கருகுறதுன்னதும் என்ன ஞாபகம் வருது?"

அவர் நல்ல மாணவி. கேட்டால் தேடுவார், தேடினால் கிடைக்கும். "எங்கப்பா," என்றார். "நான் மேல படிக்க வெளியூர் போறேன்னு சொன்னப்ப, என் நோட்டு புஸ்தகம் எல்லாத்தையும் பின்பக்கம் போட்டு எரிச்சாரு. நான் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அழல. அத இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல டாக்டர்." அன்று கவுச்சில் படுத்தபடியே அழுதார்.

டாக்டரம்மாவுக்கு உள்ளூரத் துள்ளாத குறை. இரண்டரை ஆண்டாகத் தட்டிக்கொண்டிருந்த கதவு தானாகத் திறந்துகொண்டது. வாசனை என்ற சாக்கில் தந்தையின் தீ வந்திருக்கிறது என்று நோட்டில் எழுதி அடிக்கோடிட்டார்.

மறுவாரம் மாணவி மறுபடி சொன்னார்: "இன்னிக்கும் வருது டாக்டர். இந்தச் செவுத்துப் பக்கம்தான்."

"எந்தப் பக்கம்?"

"உங்க பக்கம். உங்க நாற்காலிக்குப் பின்னாடி."

"அப்ப எரியுறது நானா?"

மாணவி சிரித்துவிட்டார். "இல்ல டாக்டர், செவுரு."

சிரிப்பைக் கேடயமாகப் பிடிக்கிறார் என்று டாக்டரம்மா நோட்டில் எழுதினார். சுவரில் அவருடைய தலைக்கு மேல் ஒரு விளக்கு இருந்தது. அதற்கான பழைய வயர் மரப்பட்டிக்குள் ஓடி, கீழே நூலகத்தின் அலமாரிகளுக்குப் பின்னால் இறங்கியது. அந்த மரப்பட்டியை அவர் பதினைந்து ஆண்டாகத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

சங்கத்தின் அலுவலகத்தைக் கவனித்தவரை எல்லோரும் சாவிக்காரர் என்பார்கள். இடுப்பில் முப்பத்தொரு சாவிகள் தொங்கும். அந்த வார இறுதியில் அவர் தயங்கித் தயங்கி டாக்டரம்மாவின் அறை வாசலுக்கு வந்தார்.

"அம்மா, காலையில வர்ற அந்தப் பொண்ணு, செவுத்துல ஏதோ கருகுதுன்னு போகும்போது சொல்லிட்டுப் போச்சு. எலக்ட்ரீஷியன் நம்ம தெரு முனையிலதான் இருக்காரு. ஒரு குரல் குடுத்தா வந்து பாத்துருவாரு."

"வேண்டாம்."

"அஞ்சு நிமிஷ வேலைதாம்மா."

"அது சிகிச்சைக்கு உள்ள இருக்கிற விஷயம். அவங்க என்கிட்டதான் பேசணும், உங்ககிட்ட இல்ல. இப்ப நீங்க எலக்ட்ரீஷியனக் கூட்டிட்டு வந்தா, அவங்க சொன்னத நான் வெறும் வயரா பாத்ததா ஆயிடும்."

சாவிக்காரர் ஒரு கணம் யோசித்தார். "வயர வயரா பாத்தா என்னம்மா தப்பு?" என்று கேட்டார். கேட்டதும் தமக்கே அது மரியாதைக் குறைவாகப் பட்டதோ என்னவோ, "சரிம்மா. படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று போய்விட்டார்.

அறைக்குள் பேசவேண்டியதை வெளியே கொண்டுபோய்க் கொட்டுவது அத்தொழிலில் பெரிய பிழையாகக் கருதப்படும். டாக்டரம்மாவுக்கு உண்மையாகவே கோபம் வந்தது. ஆறுமாதக் கெடுவும் அந்த வாரத்தில்தான் வந்தது. பச்சை உறையில் அவர் எழுதி அனுப்பியது இது: "மாணவியிடம் சங்கத்தின் மீது மறைவான அழிவு விருப்பம் காணப்படுகிறது. இக்கட்டடம் எரிவதாக மீண்டும் மீண்டும் கற்பனை செய்கிறார். அதனை அலுவலகம் வரை கொண்டு சென்றுள்ளார். பயிற்சியைத் தொடரலாம், கவனம் தேவை."

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை. மாணவி வாசனையைப் பற்றி வாய் திறக்கவில்லை. சொன்னால் பயனில்லை என்று விட்டுவிட்டார் போலும். அறை அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் டாக்டரம்மாவுக்கே வாசனை வந்தது. லேசாக, ரப்பரைத் தேய்த்தால் வருமே, அப்படி. தலைக்கு மேலே, வலப்பக்கம்.

கையை நீட்டியிருந்தால் சுவரைத் தொட்டிருக்கலாம். அவர் கை பேனாவுக்குப் போயிற்று. எதிரே படுத்திருப்பவரின் உணர்வு சில வேளை சிகிச்சையாளருக்குள்ளும் ஏறிவிடும் என்றும், அதை உன்னிப்பாகக் கவனித்துக் குறித்துக்கொள்வதே தேர்ந்தவர்களுக்கு அழகு என்றும் அவர் படித்திருந்தார். பிறருக்குப் பாடமும் நடத்தியிருந்தார். குறித்துக்கொண்டார். மணி எட்டானதும் "நேரமாயிடுச்சு" என்றார். மாணவி எழுந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், கட்டடத்தில் யாரும் இல்லாத வேளையில், அந்தச் சுவர் பற்றிக்கொண்டது. உயிர்ச்சேதம் இல்லை. மாலைக்குள் மாடியும் நூலகமும் கரிக்கட்டை ஆயின. மரப்பட்டிக்குள் இருந்த வயர் வாரக்கணக்கில் சூடேறிக் கருகியிருக்கிறது என்று தீயணைப்புத் துறையினர் எழுதிக் கொடுத்தார்கள்.

ஒரு மாதம் கழித்து, ஒரு பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கிய வகுப்பறையில் பயிற்சிக் குழு கூடியது. நிறுவனர்களில் ஒருவரும் அன்றைய தலைவருமான பெரியவர் பச்சை உறையின் செய்தியை நினைவிலிருந்தே சொன்னார்.

"அந்தப் பொண்ணு தீ வெச்சதுன்னு நான் சொல்லல. வயருதான். ஒத்துக்கிறேன். ஆனா எரியணும்னு மனசுல ஒருத்தர் ஆசைப்பட்டுருக்காங்க. அதே கட்டடம் எரிஞ்சும் போச்சு. இனிமே அவங்களால இங்க நிம்மதியா உக்காந்து படிக்க முடியுமா? நம்மளாலதான் அவங்கள நிம்மதியாப் பாக்க முடியுமா?" என்றவர், டாக்டரம்மாவின் பக்கம் திரும்பினார். "நீங்க ஏதாவது சொல்லணுமா?"

சொல்ல இருந்தது. 'அது கற்பனை இல்லை, எனக்கும் வந்தது, ஆளை அழைக்கிறேன் என்றவரை நான்தான் தடுத்தேன்' என்று மூன்று துண்டு வாக்கியம். டாக்டரம்மா எழுந்து நின்று, மிகவும் மரியாதையாக, "சிகிச்சை அறையில் பேசியது இரகசியம். அதைப் பற்றி நான் எதுவும் சொல்ல இயலாது," என்றார். அந்த இரகசியத்தைப் பச்சை உறையில் போட்டு அனுப்பிய அதே கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவருடைய நெறி தவறாமையைப் பெரியவர் பாராட்டினார்.

பயிற்சியிலிருந்து நீக்கி மாணவிக்கு இரண்டு வரிக் கடிதம் போயிற்று. சக மாணவர்கள் அதற்குள் அவருக்குத் தீக்குச்சி என்று பட்டப்பெயர் சூட்டியிருந்தார்கள். சாவிக்காரர் அந்த ஆண்டே வேலையை விட்டுவிட்டார். சில ஆண்டுகளில் காலமானார். வேலையை விட்டுப் போன அன்று சாவிக் கொத்தை டாக்டரம்மாவின் மேசையில் வைத்து, ஒவ்வொன்றாக எண்ணி ஒப்படைத்தார். கதவுகளே இல்லாத சாவிகள். எண்ணி முடிக்கும் வரை நிமிரவே இல்லை.

இதையெல்லாம் கேட்டு முடித்த தங்கை அக்காவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"உனக்கே வந்துச்சா?"

"வந்துச்சு."

"எந்திரிச்சு செவுத்துல கை வெச்சுப் பாக்கல?"

"இல்ல."

"எங்க எக்ஸ்சேஞ்சுல வயர் கருகுனா, உங்க அப்பாவ ஞாபகம் வருதான்னு நாங்க யாரையும் கேட்டதில்லக்கா. மெயின ஆஃப் பண்ணுவோம்." சொல்லிவிட்டுத் தங்கை கணினியை மூடினார். "அந்தப் பொண்ணு இப்ப எங்க?"

"தெரியாது."

"தெரியாதா, தேடலியா?"

டாக்டரம்மாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. தேடுவது பெரிய வேலையாகவும் இருக்கவில்லை. தங்கை அலைபேசியில் தட்டிப் பார்த்தார். ஐந்து நிமிடத்தில் முகவரி கிடைத்துவிட்டது. வீட்டிலிருந்து ஒன்பதாவது பேருந்து நிறுத்தம்.

அது பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய தரைத்தள அறை. சுவரில் முதுகெலும்பின் படம். ஆணிகளில் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக ரப்பர் பட்டைகள் தொங்கின. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு டாக்டரம்மா நுழைந்தபோது, நரைத்த தலை ஒன்று, முதுகைக் காட்டியபடி, ஒரு வயதானவரின் முழங்காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தது.

"வணக்கம்," என்றார் டாக்டரம்மா.

அந்தக் கைகள் அப்படியே நின்றன. திரும்பவில்லை. இரண்டரை ஆண்டு பின்னாலிருந்தே கேட்ட குரலை அடையாளம் காண அவருக்கு முகம் தேவைப்படவில்லை.

"உக்காருங்க டாக்டர். இவருக்கு இன்னும் பத்துத் தடவ பாக்கி இருக்கு," என்று சொல்லிவிட்டு, பத்தையும் எண்ணி முடித்தார். கிழவரை அனுப்பிவிட்டு வந்து கையைத் துடைத்துக்கொண்டார். "முட்டி வலியா?"

"இல்லம்மா. பேசணும்."

"பேச்சு உங்க தொழில். இங்க நாங்க கை காலத்தான் பேச வெக்கிறோம்." அறையில் ஒரே நாற்காலி, அதில் துண்டுகள் அடுக்கியிருந்தன. டாக்டரம்மா சிகிச்சைக் கட்டிலின் விளிம்பில் உட்கார வேண்டியதாயிற்று. அவர் கால்கள் தரையைத் தொடவில்லை.

சங்கத்தின் வரலாறு எழுதுவதாகவும், அதில் ஓர் இடத்தில் நிற்பதாகவும் மென்று விழுங்கிச் சொன்னார்.

"பச்சைக் கவர்ல நீங்க என்ன எழுதுனீங்கன்னு எனக்குத் தெரியும்," என்றார் அந்தப் பெண்மணி. "பெரியவர் என்னக் கூப்பிட்டுச் சொன்னாரு. என் நல்லதுக்குன்னு. உன் மனசுல இப்படி ஒண்ணு இருக்குறது தெரிஞ்சா நீ ஜாக்கிரதையா இருப்பம்மான்னாரு."

"நீங்க அதுக்கப்புறம்..."

"இருந்தேன். ஜாக்கிரதையாத்தான் இருந்தேன்." துண்டு ஒன்றை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "வயருதான்னு தீயணைப்புக்காரங்க எழுதிக் குடுத்தது எனக்கும் தெரியும் டாக்டர். புத்திக்குத் தெரியும். ஆனா நீங்க ஒண்ணு சொன்னா அத நம்புற எடத்துல நான் படுத்திருந்தேன். எனக்கு வந்தது வாசனை இல்ல, ஆசைன்னு எழுதுனீங்க. சரி, ஆசைதான் போலிருக்குன்னு நெனச்சேன். இன்னிக்கு வரைக்கும் வீட்ட விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி மூணு தடவ போய் அடுப்பப் பாத்துட்டு வருவேன். எம் பொண்ணு கிண்டல் பண்ணுவா. அவகிட்ட என்னன்னு சொல்றது? உங்கம்மா நெனச்சா வீடு எரிஞ்சுரும்டின்னா?"

டாக்டரம்மா கைப்பையைத் திறந்து நீல நோட்டை எடுத்தார். அந்த வியாழக்கிழமையின் பக்கத்தைப் பிரித்து நீட்டினார்.

அந்தப் பெண்மணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். 'இன்று எனக்கும் கருகும் வாசனை வந்தது. சுவர்ப் பக்கமிருந்து. மாணவியின் பதற்றம் என்னுள் ஏறியுள்ளது. கவனிக்கத்தக்கது.' இரண்டாம் முறையும் படித்தார். தேதியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப அது இருந்துச்சு."

"இருந்துச்சும்மா."

"உங்க மூக்குக்கும் வந்துருக்கு."

"வந்துச்சு."

"இது இவ்வளவு நாளா எங்க இருந்துச்சு?"

"அலமாரியில. சால்வைக்கு அடியில."

"இருபத்தேழு வருஷம்." அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் டாக்டரம்மாவுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். "ஒரு போன் பண்ணி, ஏம்மா, எனக்கும் வந்துச்சும்மான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, நான் அன்னிக்கே தூங்கியிருப்பேன்."

"மன்னிச்சுடுங்க."

"மன்னிச்சுட்டா நீங்க எழுந்து போறதுக்கு வசதியா இருக்கும்." நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். "இத எழுதப் போறீங்களா, இல்லையா?"

"எழுதுறேன்."

"எங்கிட்ட வந்து சொல்றது பெரிசில்ல. அவங்க படிக்கிற எடத்துல எழுதணும். எம்பேரு வேண்டாம்; நோயாளிங்க வந்து போற எடம் இது. ஒரு மாணவின்னு போடுங்க. சம்மதம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். தீக்குச்சின்னு மட்டும் போட்டுறாதீங்க."

"அந்தப் பேர நான் வைக்கலம்மா."

"நீங்க வைக்கல. வேண்டாம்னும் சொல்லல." வெளியே கண்ணாடிக் கதவுக்கு அப்பால் தோளைப் பிடித்தபடி ஒரு பெண் வந்து நின்றாள். அந்தப் பெண்மணி கதவைப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமாயிடுச்சு டாக்டர்," என்றார்.

டாக்டரம்மா கட்டிலிலிருந்து இறங்கினார்.

ஏழாவது அத்தியாயம் இரண்டு நாளில் முடிந்தது. தங்கை ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் தட்டிக் கொடுத்தார். இப்போதைய தலைவர் டாக்டரம்மாவிடமே பயின்றவர், பணிவுள்ளவர். படித்துவிட்டு நேரிலேயே வந்துவிட்டார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்கக் கூடாது. விழா மலரு. எல்லாரும் குடும்பத்தோட வருவாங்க. அதுல போய் இது..."

"நடந்தது அதுதானே?"

"நடந்ததுதான் மேடம், யாரு இல்லேங்கறா? ஆனா ஒருத்தரோட சிகிச்சை இரகசியம்னு ஒண்ணு இருக்கு இல்லையா?"

"அவங்க சம்மதம் எழுத்துல இருக்கு. அதோட, அந்த வார்த்தைய நான் ஏற்கெனவே ஒரு தடவ பயன்படுத்திட்டேன். இன்னொரு தடவ வேண்டாம்."

தலைவரின் முகம் சிவந்தது. "பெரியவர் பையன் வர்றாரு மேடம் விழாவுக்கு. புதுக் கட்டடத்துக்கு அவர் அப்பா பேரத்தான் வைக்கிறோம். ஒரு பத்தியா சுருக்கிடலாமே? மின்கசிவு, தீ, மீண்டும் எழுந்தோம், அவ்வளவுதான். பின்னிணைப்புல எரிஞ்சு போனதோட பட்டியல் வேணா முழுசாப் போடுங்க. அங்க நீங்க என்ன எழுதினாலும் அப்படியே போட்டுடறேன். பின்னிணைப்ப யாரு மேடம் படிக்கப் போறா?"

சமையலறையிலிருந்து தங்கையின் குரல் வந்தது. "என்ன எழுதினாலும்னு சொன்னீங்களே தம்பி, நானும் கேட்டுக்கிட்டேன்!"

தலைவர் தர்மசங்கடமாகச் சிரித்தார். டாக்டரம்மா அத்தியாயத்துக்காக வாதாடியிருக்கலாம். மலரே வேண்டாம் என்று கையெழுத்துப் பிரதியைத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கலாம். அப்போதும் அவருக்கு அவ்வளவு தைரியம் வரவில்லை. சரி என்று தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்காகவும் அன்று மாலை முழுவதும் கூசிக்கொண்டிருந்தார். ஆனால் பட்டியலை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பழைய கணக்கெடுப்பைத் தேடி எடுத்து, பெயர் தெரிந்ததையெல்லாம் சரிபார்த்து, அதில் அதுவரை இல்லாத வரிகளைச் சேர்த்து, தாமே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். தலைவர் படித்தார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார்.

மலரின் முதல் பிரதி ஒன்பதாவது நிறுத்தத்து முகவரிக்குத் தபாலில் போயிற்று. பதில் எதுவும் வரவில்லை. மலரின் கடைசிப் பக்கத்தில் உள்ளது பின்வருமாறு:

தீயில் இழந்தவை

நூலகத்து நூல்கள்: ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. மீண்டவை ஒன்பது.

நிறுவனர்களின் கடிதக் கட்டுகள்: ஆறு.

கூட்டக் குறிப்பேடுகள்: பதினேழு.

கவுச்சுகள்: நான்கு. கால் அறுத்து ஒட்டிய முதல் கவுச்சும் அவற்றுள் ஒன்று.

சுவர்க் கடிகாரங்கள்: ஐந்து.

கதவுகள்: முப்பத்தொன்று. சாவிகள் மட்டும் மீண்டன.

சிகிச்சை பாதியில் நின்றவர்கள்: பன்னிரண்டு பேர். திரும்பி வந்தவர்கள் எட்டுப் பேர்.

எலக்ட்ரீஷியனை அழைக்கட்டுமா என்று கேட்ட அலுவலர்: ஒருவர். வேண்டாம் என்றது நான்.

பயிற்சி மாணவி: ஒருவர். சுவர் கருகுகிறது என்று சொன்னார். அவர் சொன்னது சரி. அவரைப் பற்றி நான் குழுவுக்கு எழுதியது தவறு. அதே வாசனை எனக்கும் வந்தது, எழுந்து பார்க்கவில்லை, பின்னர் கேட்டபோதும் சொல்லவில்லை.

அவரிடம் சிகிச்சை பெற்றிருக்கக்கூடியவர்கள்: எண்ணிக்கை தெரியாது.

அவர் அடுப்பைத் திரும்பிப் போய்ப் பார்த்த ஆண்டுகள்: இருபத்தேழு.